நவம்பர் ஒன்பதின் ஏழாவது ஆள்

எங்கள் நாளிதழ் அலுவலகத்தில் அவரைக் காலண்டரக்கா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. பிழை திருத்துவது அவர் வேலை. அதோடு, நாலாம் பக்கத்தின் வலது மூலையில் வரும் ‘வரலாற்றில் இன்று’ கட்டத்தை எழுதுவதும் அவர் பொறுப்பு. இன்ன தேதியில் எந்தப் போர் முடிந்தது, எந்த விஞ்ஞானி பிறந்தார், எந்த அரசர் கண்ணை மூடினார் என்று தினமும் பத்துப் பன்னிரண்டு வரி. பக்கத்தை அடுக்குவது என் வேலை. அதனால் பதினோரு வருடமாக நாங்கள் எதிரெதிர் மேஜை.

மூக்கில் ஒரு கண்ணாடி, தலைமேல் ஒரு கண்ணாடி. இரண்டில் எது படிக்க, எது பார்க்க என்பது அவருக்கே சில நேரம் குழம்பும். தேதியில் மட்டும் குழப்பமே கிடையாது. ஒருமுறை ஒரு கப்பல் தலைவரின் இறந்த நாள் இரண்டு புத்தகத்தில் இரண்டு விதமாக இருந்தது. விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டார். இரண்டு வாரம் நூலகம் நூலகமாக அலைந்து, அந்த நாட்டில் அப்போது வேறு நாள்காட்டி புழக்கத்தில் இருந்தது என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். “ரெண்டு புத்தகமும் சரிதான் தம்பி. மனுஷன் ஒரே தடவைதான் செத்தார். தேதிதான் ரெண்டு” என்றார். அன்று முழுக்க அவர் முகத்தில் பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவரின் களை.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு செப்டம்பர் மதியம், பக்கம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பேச்சுவாக்கில் கேட்டேன்.

“உங்க பொறந்த நாள் கட்டத்துல யார் யாருக்கா வருவாங்க?”

“ஜூன் ஒண்ணா? அது என் பொறந்த நாள் இல்ல. ஹெட்மாஸ்டர் வச்ச நாள்.”

“அப்படின்னா?”

“பள்ளிக்கூடத்துல சேக்கும்போது தேதி தெரியலன்னு சொன்னா, எல்லாருக்கும் ஜூன் ஒண்ணுன்னு எழுதிடுவார். பள்ளிக்கூடம் திறக்கற நாள், அவருக்கு ஞாபகம் வச்சுக்கச் சுலபம். எங்க வகுப்புல பதினாலு பேர் ஜூன் ஒண்ணு. நாங்க ஒரே பிரசவம்.”

“அப்ப நிஜமான தேதி?”

“பாலம் விழுந்த அன்னிக்குப் பொறந்தேன்னு அம்மா சொல்வாங்க.”

“பாலம் என்னிக்கு விழுந்துச்சு?”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு தலைமேல் இருந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். உலகத்தில் உள்ளவர் அத்தனை பேருடைய பிறப்பையும் இறப்பையும் துருவித் துருவிப் பார்த்தவர், தன்னுடையதை ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை. ஏன் என்று பிற்பாடு கேட்டபோது, “கட்டத்துல வர்றவங்க எல்லாம் பெரிய ஆளுங்க. நம்ம தேதி யாருக்கு வேணும்னு இருந்துட்டேன் போல” என்றார். அன்றைக்கு அப்படியே எழுந்து போய் மூன்றாம் மாடி அறைச் சாவியைக் கேட்டு வாங்கினார்.

மூன்றாம் மாடியில் எங்கள் பழைய இதழ்கள் மாதவாரியாகத் தைத்து அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தொகுப்பும் ஒரு கைக்குழந்தை கனம். திறந்தால் தும்மல் நிச்சயம். பெருமழை பெய்த வருடம் என்று அம்மா சொன்னதை வைத்து வருடத்தைப் பிடித்துவிட்டார். மாதம் தெரியாது. அக்டோபரிலிருந்து தொடங்கினார். இரண்டாம் நாள் மதியம் கையில் ஒரு தாளோடு இறங்கி வந்தார். நவம்பர் பத்தாம் தேதி இதழில் வந்த செய்தியை அப்படியே நகலெடுத்து எழுதியிருந்தார்.

‘நேற்றுக் காலை ஒன்பதரை மணியளவில் ஆற்றின் குறுக்கேயுள்ள மரப்பாலம் வெள்ளத்தில் சரிந்ததில் எழுவர் மாண்டனர்’ என்று தொடங்கியது செய்தி. ஆறு பேருடைய பெயர், வயது, முகவரி. கடைசியில் இப்படி இருந்தது: ‘ஏழாமவர் இன்னாரெனத் தெரியவில்லை. வயது சுமார் முப்பத்தைந்து. சாம்பல் நிறச் சட்டை. இரு முன்கைகளிலும் சிறு கரும்புள்ளிகள். வலது மணிக்கட்டில் மனிதப் பற்கள் பதிந்த புதிய தடம் காணப்படுவதால், கைகலப்பு ஏதும் நடந்ததா எனப் போலீசார் விசாரிக்கின்றனர்.’

அடுத்தடுத்த நாள் இதழ்களில் இன்னும் இரண்டே வரி. உடலைக் கேட்டு யாரும் வரவில்லை. நாலாம் நாள் நகராட்சி அடக்கம் செய்தது. அதோடு சரி.

“நவம்பர் ஒன்பது. உங்க தேதி கிடைச்சிடுச்சேக்கா” என்றேன்.

“கிடைச்சிடுச்சு” என்றார். ஆனால் அவர் விரல் ‘பற்கள் பதிந்த’ என்ற வார்த்தைகளின் மேலேயே நின்றது. “பாலம் விழறப்ப யாரு யாரைக் கடிப்பாங்க?”

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டியிருக்கிறார். அம்மாவுக்கு எழுபது வயது. அக்காவின் வீட்டில்தான் இருந்தார். சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர், ஆறு பேருடைய பெயருக்கும் உச்சுக் கொட்டினார். ஏழாவது ஆளுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

“நிறுத்து. பல்லுன்னு என்னமோ சொன்னியே, அத மறுபடி படி.”

அக்கா மறுபடி படித்தார்.

“கையில புள்ளின்னு போட்டிருக்கா?”

“ரெண்டு கையிலயும் கரும்புள்ளியாம்.”

“கடுகு தூவின மாதிரி இருக்கும்” என்றார் அம்மா. கையில் இருந்த பூண்டைக் கீழே வைத்தார். “கைகலப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது என் பல்லுடி.”

நடந்தது இதுதான். அப்போது அவர்கள் வீடு அக்கரையில். அப்பா லாரியோடு வெளியூர் போயிருந்தார். விடியும்போதே வலி கண்டுவிட்டது. அம்மா ஒற்றை ஆளாகப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார். மழையில் பேருந்து வரவில்லை. நிழற்குடையில் ஒதுங்கியிருந்தது ஒரே ஒருவர். ஊர் ஊராகப் போய்க் கத்தி, கத்தரிக்கோல் சாணை பிடிப்பவர். சைக்கிளின் பின்னால் சாணைக்கல்லைச் சட்டத்தோடு கட்டியிருந்தார். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்ததைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கல்லை அவிழ்த்து நிழற்குடையில் வைத்தார். கேரியரில் சாக்கை மடித்துப் போட்டார்.

“உக்காரு தங்கச்சி. ஓட்ட மாட்டேன், தள்ளிட்டே வரேன். பயப்படாத.”

ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அம்மாவின் தோளை அணைத்துப் பிடித்தபடி தள்ளினார். வழியெல்லாம் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தார். ஒன்று, இரண்டு என்று நூறு வரை. நூறு ஆனதும், “இன்னும் ஒரு நூறுதான்” என்பார். மறுபடி ஒன்றிலிருந்து. பாலத்தின் நடுவில் வலி இழுத்துப் பிடித்தபோது, தோளில் இருந்த கையை அம்மா கடித்துவிட்டார். அவர் கையை எடுக்கவில்லை. “நல்லாக் கடிச்சுக்க. தினம் நெருப்புப் பொறி படற கைதான்” என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு, “கல்ல எடுத்துட்டு வந்துடறேன். சாயங்காலம் வந்து என்ன கொழந்தைன்னு பாத்துட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

“வரல” என்றார் அம்மா. “எனக்கு அஞ்சு நாள் காய்ச்சல். பாலம் விழுந்துச்சுன்னு காதுல விழுந்துச்சு. அவர் அதுல இருந்திருப்பார்னு எனக்கு ஏன் தோணல? வரேன்னு சொல்லிட்டு வராதவர்னே நாப்பத்தாறு வருஷமா நெனச்சிட்டிருந்தேன். பேர் கூடக் கேக்கல.”

மறுநாள் அக்கா இதையெல்லாம் என்னிடம் சொன்னபோது, அவர் குரலில் துக்கத்தைவிட நமைச்சல்தான் அதிகம் இருந்தது. யார் அவர்? எந்த ஊர்? வீட்டில் யாராவது காத்திருந்தார்களா? ஒரு தேதி தெரிந்துவிட்டது, ஆள் தெரியவில்லை. இத்தனை வருட வேலையில் எப்போதும் இதற்கு நேர்மாறாகத்தான் இருந்திருக்கிறது.

நவம்பர் ஒன்பதாம் தேதிக் கட்டத்தில் இதை எழுதுவது என்று முடிவு செய்தார். செய்தி ஆசிரியர் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் பக்கத்தில் ஒரு வரி கூடினாலும் எண்ணிப் பார்த்து வெட்டச் சொல்வார்.

“மேல ‘வரலாறு’ன்னு போட்டிருக்கோங்க. பேர் தெரியாத ஆளை எப்படிப் போடறது?”

“செத்தது நிஜம் சார். நம்ம பேப்பர்லயே வந்திருக்கு.”

“கடைசில ‘அறிந்தவர்கள் எழுதவும்’னு இருக்கே. அது வரலாறு இல்ல, வரி விளம்பரம்.”

“இருக்கட்டும் சார். எடம் இருக்கு.”

“எடம் எங்கேருந்து வந்துச்சு?”

“அன்னிக்குப் பொறந்ததா போடற ஒரு சதுரங்க வீரர் இருக்கார். அவர் தேதி சந்தேகம். தேடிப் பாத்ததுல எந்தப் பதிவும் சிக்கல. எடுத்துட்டேன். நாலு வரி மிச்சம்.”

செய்தி ஆசிரியர் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன். நாலு வரி அச்சானது. மரப்பாலம் சரிந்து ஏழு பேர் இறந்தது, ஏழாமவர் அன்று காலை ஒரு கர்ப்பிணியைச் சைக்கிளில் ஆஸ்பத்திரி சேர்த்த சாணைத் தொழிலாளியாக இருக்கலாம் என்பது, அவரைப் பற்றி அறிந்தவர்கள் எழுதவும் என்பது. பல் பதிந்த தடத்தையும், அவர் நூறு நூறாக எண்ணியதையும் அக்கா வேண்டுமென்றே விட்டுவிட்டார். பிழை திருத்துகிறவர் அல்லவா, யாரையும் லேசில் நம்பமாட்டார்.

அது நல்லதாகப் போயிற்று. முதல் வாரமே இரண்டு கடிதம் வந்தன. ஒருவருடைய மாமா காணாமல் போனது பாலம் விழுந்து இருபது வருடம் கழித்து. இன்னொருவருடைய சித்தப்பா சாணை பிடித்தவர்தான், ஆனால் இரண்டு வருடம் முன்பு வரை உயிரோடு இருந்திருக்கிறார். பிறகு கடிதமே இல்லை. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி போயின. அக்கா தினமும் தபால் பையை அவரே பிரித்தார்.

மார்ச் மாதம் ஓர் அஞ்சலட்டை வந்தது. பென்சில் எழுத்து. ரயிலில் எட்டு மணி நேரத் தொலைவில் இருந்த ஓர் ஊரிலிருந்து, இஸ்திரிக் கடை வைத்திருக்கும் ஒரு பெண் எழுதியிருந்தார். தேய்த்த துணிகளை மடித்துக் கட்டப் பழைய பேப்பர் எடை போட்டு வாங்குவாராம். ஆறு சட்டையை வைத்துச் சுற்றும்போது எங்கள் நாலாம் பக்கம் கண்ணில் பட்டிருக்கிறது.

‘என் அப்பா சாணை பிடிப்பவர். அந்த வருஷம் மழைக்காலத்தில் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது எனக்கு ஐந்து வயது. அவர்தானா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கர்ப்பிணிக்கு என்ன குழந்தை பிறந்தது?’

அக்கா அட்டையை என் மேஜையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அந்த வாரமே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினார்.

இஸ்திரிக் கடை என்பது ஒரு மாடிப்படியின் அடியில் இருந்த சிறிய அறை. மேஜை ஒன்று, அதன்மேல் கரி போட்ட பெட்டி, சுவரோரம் மூட்டை மூட்டையாகத் துணி. உள்ளே ஓர் ஆள்தான் நிற்கமுடியும். ஐம்பது வயதைத் தாண்டிய அந்தப் பெண், வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு ஒரு வேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அக்கா தெருவில் நின்றபடியே பேசினார்.

“கார்டு போட்டிருந்தீங்களே, என்ன கொழந்தைன்னு. பொண்ணு. நான்தான்.”

அந்தப் பெண் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அக்காவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். தெருவில் கிடந்த ஸ்டூலை இழுத்துத் துடைத்துப் போட்டார்.

“உக்காருங்க. இந்த வேட்டிக்கு ஆள் வந்துடும். முடிச்சுட்டு வரேன்.”

வேட்டி முடிந்தது. அதற்கப்புறமும் அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கை ஓடிக்கொண்டிருந்தால்தான் வாய் வரும் போலிருந்தது. தான் என்ன தேடி வந்தோம் என்பதை அக்கா சொல்லாமல், அப்பா எப்படி இருப்பார் என்று மட்டும் கேட்டார்.

“மொகமே சரியா ஞாபகம் இல்லக்கா.” அக்காவைவிட ஐந்து வயது மூத்தவர், ஆனால் அக்கா என்றுதான் கூப்பிட்டார். “போட்டோ இருந்துச்சு, அம்மா கிழிச்சுப் போட்டுட்டாங்க. கை ஞாபகம் இருக்கு. முழுக்கப் புள்ளி புள்ளியா இருக்கும். நான் எண்ணிப் பாப்பேன்.”

“வேற?”

“வேறன்னா… எங்க வீடு மேட்டுல. என்னைத் தோள்ல தூக்கிட்டு ஏறுவார். நான் எறக்கி விடுன்னு அழுவேன். நூறு வரைக்கும் எண்ணிட்டு, இன்னும் ஒரு நூறுதான்ம்பார். வீடு வர்ற வரைக்கும் அதையே சொல்வார். எத்தன நூறு போச்சுன்னு யாரு கண்டா.”

அக்கா ஸ்டூலை வாசலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நிழற்குடை, சாக்கு, பாலம், பல், ஆஸ்பத்திரி வாசல் எல்லாவற்றையும். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“வேற பொம்பளையோட போயிட்டார்னு ஊரே சொல்லிச்சு. அம்மாவும் அதையேதான் நம்பினாங்க. அவர் பேரை எடுத்தா சோறு வைக்கமாட்டாங்க. எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தப்ப, விட்டுட்டு ஓடிட்டார்னு சொன்னா எவன் வருவான்? செத்துட்டார்னு பொய் சொல்லிக் கட்டி வச்சாங்க.” சட்டையை அடுக்கின்மேல் வைத்தார். “பொய்யே இல்லயாம், பாருங்க.”

அழுவார் என்று அக்கா எதிர்பார்த்தாராம். அழவில்லை. “நாப்பத்தாறு வருஷக் கோபம்க்கா. இப்ப இத எங்க கொண்டுபோய் வைக்கறது?” என்று கேட்டார். நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்ததாம். 

அடுத்த மாதம் அந்தப் பெண் எங்கள் ஊருக்கு வந்தார். அன்று நானும் போயிருந்தேன். அக்காவின் அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு காலையிலிருந்தே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசவேண்டும் என்று மனதுக்குள் கோர்த்து வைத்திருந்தார் போல. அந்தப் பெண் உள்ளே வந்ததும் அத்தனையும் மறந்துபோய்விட்டது.

“வாம்மா. உங்கப்பாவ நான் கடிச்சுட்டேம்மா” என்றார்.

அந்தப் பெண் அப்படியே நின்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை. சிரித்துக்கொண்டே போய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எப்போது அழுகையாயிற்று என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அம்மா அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அன்று காலை நடந்ததை முதலிலிருந்து சொன்னார். நிறைய இடத்தில், “அப்புறம் என்ன சொன்னார்?” என்று அந்தப் பெண் நிறுத்தினார். சொன்ன வார்த்தையே கொஞ்சம்தான். அதனால் அம்மா அவற்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நகராட்சிப் பதிவு அலுவலகத்தில் இறப்புப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார்கள். ‘அடையாளம் தெரியாத ஆண், சுமார் 35’ என்று நீல மையில் ஒரு வரி. எழுத்தர் பொறுமையான ஆள். பெயர் சேர்க்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்று விளக்கினார். அம்மாவின் வாக்குமூலம், பழைய இதழின் நகல், போலீஸ் நிலையத்தின் பதில் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, பதினாலு மாதம் ஆயிற்று. அம்மா நீதிபதி முன்னால் போய் நின்று, “என் பல்லுதாங்க” என்று சொன்னபோது அவர் பேனாவை வைத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். கடைசியில் குறிப்புப் பத்தியில் பெயர் ஏறியது.

அதே எழுத்தர்தான், “அன்னிக்குப் பொறப்புப் பதிவும் இருக்கே, பாக்கறீங்களா?” என்று கேட்டு இன்னொரு பதிவேட்டைத் திறந்தார். நவம்பர் ஒன்பதில் மூன்று பிறப்பு. மூன்றாவது: பெண், காலை 10.55, தாயின் பெயர். அக்கா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். பாலம் விழுந்து ஒன்றேகால் மணி நேரத்துக்குமேல் ஆன பிறகு பிறந்திருக்கிறார். தன் சான்றிதழைத் திருத்தவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. “அஞ்சு மாசம் எளமையாயிட்டே, கொறைச்சலா?” என்று அவர் கணவர் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த நவம்பரில் சாணைக்காரர் பெயரோடு எங்கள் கட்டத்தில் வந்தார். செய்தி ஆசிரியர் தானாகவே ஆறு வரி கொடுத்தார். இஸ்திரிக் கடைக்காரிக்குப் பத்துப் பிரதி அனுப்பினோம். அதில் ஒன்றைக்கூட அவர் சட்டை சுற்றப் பயன்படுத்தவில்லை என்று போனில் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“மத்த ஆறு பேர் யாருக்கா? எங்கப்பா பக்கத்துல நின்னவங்க யாராவது இருப்பாங்கல்ல.”

அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. மறுபடி மூன்றாம் மாடிச் சாவி. ஒருவர் தபால் பையோடு போன தபால்காரர் என்று தெரிந்தது. அன்று சேராமல் போன கடிதங்களில் ஒன்றின் நகல் ஒரு வீட்டில் கிடைத்தது. இரண்டு பேர் சகோதரிகள், தறிப் பட்டறைக்கு வேலைக்குப் போனவர்கள். ஒருவர் பாலத்தைச் சரிபார்க்க அனுப்பப்பட்ட தச்சர். அது ஆறு நாள் முன்பே செய்திருக்கவேண்டிய வேலை என்று அவர் பேரன் ஒரு பழைய உத்தரவைக் காட்டினார். ஐந்தாமவர் பள்ளிக்கூட வாத்தியார். ஆறாவது பெயருக்கு நேரே வயது பத்தொன்பது, முகவரி ‘தற்காலிகம்’ என்று மட்டும் இருக்கிறது. அவரைப் பற்றி இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் அப்போது வெளியாட்களுக்கு அறை விட்ட வீடுகள் எவை என்று அக்கா இப்போது ஒரு பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறார். பதினேழு வீடு தேறியிருக்கிறது. நாலு பார்த்தாயிற்று.